வீடும் காற்றும்: கிடாரத்து ஆவியை எந்த வழியால் அனுப்புவது?

போன இதழில் குளியலறை விசிறி பற்றி எழுதும்போது, "என் மருமகன் பேஸ்மென்றில் பியர் காய்ச்சுகிறார், அந்த ஆவியை வெளியே அனுப்ப நான் பட்ட பாடு தனிக்கதை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். குளியலறை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதம் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். நம்மவர்களில் இத்தனை பேர் வீட்டில் காய்ச்சுகிறார்களா என்று ஆசிரியரே சிரித்தார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதி வந்தபின் நான் பியரைத் தொடுவதில்லை. முப்பத்தொரு வருடம் ரொறன்ரோ வீடுகளில் காற்றுக்குழாய் போட்டவன் நான். ருசி பற்றிக் கேட்டால் மருமகனைத்தான் கேட்க வேண்டும். ஆவி பற்றிக் கேளுங்கள்.

ஏஜக்ஸ் வாசகர்: பேஸ்மென்றில் பன்னிரண்டடிக்குப் பத்தடி அறையில் காய்ச்சுகிறேன். 5500 வாட் மின் கொயில் பூட்டிய கிடாரம். ஒரு மணித்தியாலக் கொதி. மூன்றாவது தடவையே சுவரால் தண்ணீர் வழிந்தது. சீலிங் மூலையில் கறுப்புப் புள்ளிகள். மேசை விசிறி வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. டீஹியூமிடிஃபையர் (காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிற மெஷின்) வாங்கினால் போதுமா?

போதாது, தம்பி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், அப்போதுதான் கடைக்காரர் சொல்வதை நம்ப மாட்டீர்கள்.

26 லீற்றர் ஊற்றி 22 லீற்றரில் அடுப்பை நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு லீற்றர் தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் காற்றில் ஏறிவிட்டது. உங்கள் அறை ஏழரை அடி உயரமென்றால் அதற்குள் இருப்பது ஏறக்குறைய 25 கன மீற்றர் காற்று. 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று தாங்கக்கூடிய ஈரம் 17 கிராம் சொச்சம்தான். முழு அறையும் சேர்ந்து அரைக் கிலோ தாங்காது. அதிலும் பாதிக்குக் கிட்ட ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சம் இருக்கிற இடம் கால் லீற்றர் தண்ணீருக்குத்தான். அதை உங்கள் கிடாரம் நாலே நிமிடத்தில் நிரப்பிவிடும். அறை சூடேறினால் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் வருகிற ஆவி குளிர்ந்த இடமாகப் பார்த்துத் தண்ணீராகிறது. யன்னல் கண்ணாடி, வெளிச்சுவர், சீலிங் மூலை. உங்கள் கறுப்புப் புள்ளிகளின் பிறப்பிடம் அதுதான்.

இப்போது டீஹியூமிடிஃபையர். பெட்டியில் '50 பைந்து' என்று போட்டிருக்கும். அது இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு. லீற்றரில் 23, 24. ஆக மணிக்கு ஒரு லீற்றர். உங்கள் நாலு லீற்றரை அது எடுத்து முடிக்க மாலை ஆகிவிடும், அதற்குள் தண்ணீர் சுவர்ப் பலகையான டிரைவோலுக்குள் போய்விடும். போதாததற்கு அந்த மெஷின் தன் சூட்டையும் அறைக்குள்ளேயே விடுகிறது. மேசை விசிறி பற்றிச் சொல்லவே வேண்டாம். புட்டுப் பானையைத் திறந்து வைத்துவிட்டு ஆவியை வீடெங்கும் விசிறுகிற வேலை அது.

ஆவி அறைக்குள் பரவியபின் அதைத் துரத்த முடியாது. கிடாரத்தின் வாயிலேயே பிடிக்க வேண்டும், அதாவது மேலே ஹூட் என்கிற தகரக் கூடும் அதிலிருந்து ஆவியை வெளியே இழுக்கிற விசிறியும். அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. கொதி வந்தபின் கரண்டைக் குறையுங்கள். ஒரு கிலோவாட் சூடு ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 1.6 லீற்றர் தண்ணீரை ஆவியாக்கும். 5500 வாட்டையும் முழுதாக விட்டால் எட்டு லீற்றருக்கு மேல் போகும். என் மருமகன் ஆரம்பத்தில் அப்படித்தான் விட்டார், "துள்ளிக் கொதிக்க வேணும் மாமா" என்று. துள்ள வேண்டியதில்லை. மேற்பரப்பு மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தால் போதும். இப்போது அவர் 45 சதவீதத்தில் வைக்கிறார், மூன்று லீற்றரளவில்தான் போகிறது. பியருக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

ஆவி வராமல் மூடியைப் போட்டு இறுக்கி மூடிவிடலாமே என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கூடாது. பியருக்குப் போடுகிற மோல்ட் தானியத்தில் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), விசேஷமாக வெளிர் நிறப் பில்ஸ்னர் மோல்டில், சூட்டில் டைமெதில் சல்ஃபைட் என்ற பொருளாக மாறுகிற ஒன்று இருக்கிறது. அது ஆவியோடு வெளியே போனால்தான் நல்லது. மூடி வைத்தால் திரும்பக் கிடாரத்துக்குள்ளேயே ஒழுகி, பியர் அவித்த சோளம் மாதிரி மணக்கும்.

கறுப்புப் புள்ளி பூஞ்சணம். விரலால் அழுத்திப் பாருங்கள். டிரைவோல் உறுதியாக இருந்தால் துடைத்துக் காயவிடலாம். அமுங்கினால் அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான்.

பிரம்ரன் வாசகர்: ஹூட் அடிக்கத் தீர்மானித்துவிட்டேன். விசிறி எவ்வளவு பெரிது? உடுப்புக் காயவைக்கிற டிரையரின் குழாயோடேயே சேர்த்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சேர்க்காதீர்கள். டிரையர் குழாய் நாலு அங்குலம், உள்ளே பஞ்சு. ஈரம் பட்டால் அந்தப் பஞ்சு களிமாதிரி ஒட்டி அடைத்துவிடும். அடைத்த டிரையர் குழாய் தீப்பிடிக்கக் காரணமாகும்.

விசிறிக்கு, வீட்டில் காய்ச்சுகிறவர்கள் மத்தியில் புழங்குகிற கணக்கு ஒன்று உண்டு. கொயிலின் வாட்டை 17 அல்லது 18ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று இழுக்க வேண்டும் என்று வரும். 5500 வாட்டுக்கு 310, 320. நான் செய்து பார்த்த அளவில் இது கொஞ்சம் தாராளமான கணக்கு, ஆனால் பிழையில்லை. குளியலறை விசிறி இழுப்பது 50 முதல் 80. அது இதற்குக் காணாது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அது குழாய் எதுவும் பூட்டாமல் அளந்தது. இரண்டு வளைவு, வெளியே ஒரு மூடி என்று பூட்டினால் கணிசமாகக் குறையும். ஆகவே 400க்கு மேல் எழுதியிருப்பதை வாங்குங்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக. குழாய் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இடமிருந்தால் எட்டு, சத்தம் குறையும்.

எங்கே வாங்குவது? 2018 ஒக்ரோபர் 17இல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு வீட்டுக்குள் செடி வளர்க்கிற சாமான் கடைகளில் குழாய் நடுவில் பூட்டுகிற விசிறி மலிந்துவிட்டது. நான் அந்தக் கடைக்குப் போய் நின்றபோது, பின்னால் வரிசையில் நின்ற பையன் "அங்கிள், எத்தனை செடி?" என்று கேட்டான். உங்களுக்கும் அந்த மரியாதை கிடைக்கலாம்.

ஹூட் கிடாரத்தின் வாயைவிட நாலு பக்கமும் மூன்று நாலு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பதினாறு அங்குலக் கிடாரத்துக்கு 24 அங்குலச் சதுரம். துடுப்புப் போட்டுத் துழாவ இடம் விட்டு, முடிந்தவரை தாழ்வாக. உள்விளிம்பில் ஒரு சின்னப் பீலி மடித்துவிடச் சொல்லுங்கள், ஏன் என்று கீழே வரும். கட்டுப்பாட்டுப் பெட்டியை ஹூட்டுக்குக் கீழே பூட்டாதீர்கள். 240 வோல்ட்டும் சொட்டுத் தண்ணீரும் ஒரே இடத்தில் வேண்டாம்.

குழாய் வழவழப்பான தகரக் குழாயாக இருக்கட்டும். ரோல் ரோலாக வருகிற மடிப்புக் குழாய் வேண்டாம், இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். மருமகன் வீட்டில் "இப்போதைக்குத்தானே" என்று மடிப்புக் குழாயைப் போட்டவன் நானேதான். அது நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கியது. அந்தத் தொட்டிலில் ஆவி தண்ணீராகித் தேங்கியது. மூன்றாம் தடவை காய்ச்சும்போது இணைப்பு விட்டு, இரண்டு கோப்பையளவு மண்ணிறத் தண்ணீர், கீழே மகள் மடித்து வைத்திருந்த பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புகள்மேல் ஊற்றியது. நெஸ்ரமோல்ட் கரைத்து ஊற்றின மணம். மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மருமகன்தான் பாவம், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

குழாய் குறுகியதென்றால் வெளிப்பக்கமாக இலேசாகச் சரித்துவிடுங்கள். நீளமென்றால் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு கிளைக்குழாய் வைத்து, அதிலிருந்து சின்ன ரியூப்பால் தண்ணீரை வாளிக்கு எடுங்கள். சுவருக்கு வெளியே வாய் வைக்கும்போது கீழே நடைபாதை இருக்கக் கூடாது, மாசி மாதத்தில் அங்கே கண்ணாடித் தரை போட்டிருக்கும். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் காற்றை உள்ளே இழுக்கிற வெள்ளைக் குழாய் இருந்தால் அதிலிருந்து ஆறடியாவது தள்ளி வைப்பது என் வழக்கம்.

பெயர் வேண்டாம், மார்க்கம்: அண்ணை, என் கணவர் உங்களைப்போல ஆட்களிடம் கேட்டுக் கேட்டு ஹூட்டும் பெரிய விசிறியும் போட்டுவிட்டார். ஆவி போகிறது, சந்தோஷம். ஆனால் விசிறி ஓடும்போது பேஸ்மென்ற் கதவு படார் என்று தானாக அடிக்கிறது. உடுப்புத் தோய்க்கிற பக்கமிருந்து ஒரு சூட்டு மணம். போன சனிக்கிழமை எனக்கும் அவருக்கும் ஒரே தலையிடி. பியர் குடித்ததால் என்கிறார். நான் குடிக்கவில்லையே.

தங்கச்சி, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியரைக் கொண்டு உங்களுக்குத் தொலைபேசி எடுக்கவைத்தேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த இதழில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

விசிறி நிமிடத்துக்கு 350 கன அடி காற்றை வெளியே தள்ளுகிறது. வெளியே போன அவ்வளவு காற்றும் எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். நீங்கள் யன்னல் திறந்து வழி காட்டாவிட்டால் அது தானே வழி தேடும். கதவிடுக்கு, சுவர் வெடிப்பு, பிறகு காஸில் எரிகிற சுடுதண்ணீர்த் தாங்கியின் புகைக்குழாய். மேலே போக வேண்டிய எரிபுகை அந்தக் குழாய் வழியே கீழே இறங்கி வீட்டுக்குள் வரும். அதில் காபன் மொனொக்சைட் இருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, சத்தி, பிறகு மயக்கம். கதவு தானாக அடித்ததே, அது வீடு மூச்சுக்கு இழுத்ததன் அடையாளம்.

இருபது வருடத்துக்கு முன், நான் ஒரு வீட்டுக் குசினியில் 600 கன அடி இழுக்கிற ஹூட் பூட்டினேன். அழகான வேலை, காசும் கையோடு தந்தார்கள். ஒரு மாதம் கழித்து வேறு அலுவலாக அந்த வீட்டு பேஸ்மென்றுக்குப் போனேன். சுடுதண்ணீர்த் தாங்கியின் தலையில், குழாய்கள் ஏறுமிடத்தில், சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்ரிக் வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வளையம் இரண்டும் மெழுகுதிரி மாதிரி உருகி வழிந்திருந்தது. மேலே போக வேண்டிய சூடு ஒரு மாதமாகத் தாங்கியின் தலைமேலேயே கொட்டியிருக்கிறது. மேலே மூன்று பிள்ளைகள் படுக்கிற வீடு. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஹூட்டைப் பூட்டும்போது தாங்கியை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடம்தான் செலவாகியிருக்கும்.

அதற்குப் பிறகு எந்த விசிறி போட்டாலும் ஊதுபத்திச் சோதனை செய்யாமல் வீட்டை விட்டு வெளிக்கிட்டதில்லை. நீங்களும் செய்யலாம். எல்லா யன்னலையும் சாத்துங்கள். குசினி ஹூட், குளியலறை விசிறி, டிரையர், காய்ச்சுகிற அறை விசிறி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். மேலே சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து தாங்கியின் அடுப்பு பற்றும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். தாங்கியின் தலையில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில், குடை கவிழ்த்த மாதிரி ஒரு தகரம் இருக்கும். அதற்குக் கீழே விரல் நுழைகிற இடைவெளி. சாமியறை ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து அந்த இடைவெளியின் ஓரத்தில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேலே போனால் சரி. உங்கள் முகத்தை நோக்கித் திரும்பி வந்தால் விசிறியை உடனே நிறுத்தி யன்னலைத் திறவுங்கள், லைசன்ஸ் உள்ள காஸ் ஆள் வந்து பார்க்கும்வரை காய்ச்சுகிற வேலை இல்லை. உங்களைப்போல ஏற்கெனவே தலையிடி வந்தவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், நேரே ஆளைக் கூப்பிடுங்கள்.

குடையும் இடைவெளியும் இல்லாமல், இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் சுவருக்கு வெளியே போகிற புதிய வகைத் தாங்கி என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. மின்சாரத் தாங்கி என்றால் இல்லவே இல்லை. ஆனால் பழைய ஃபேர்னஸும் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், அதற்கும் இதே கதைதான்.

வழி என்ன? காய்ச்சும்போது பேஸ்மென்ற் யன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். ஹூட் காற்றைத் தள்ளுகிற பக்கத்து யன்னல் வேண்டாம், எதிர்ப்பக்கம். யன்னல் திறக்க மறந்துபோகிற ஆளென்றால், விசிறி ஓடும்போது தானாகத் திறக்கிற காற்றுவழி ஒன்று போடலாம், கொஞ்சம் செலவு. காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். பெரும்பாலான வீடுகளில் அது மேலே படுக்கையறைப் பக்கம்தான் இருக்கும். காய்ச்சுகிறவர் நிற்பது கீழே. அங்கேயும் ஒன்று வையுங்கள். அடித்தால் எங்கிருந்து அடிக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லாரும் வெளியே, அப்புறம் 911.

ஒட்டாவா வாசகர்: இங்கே மார்கழியிலிருந்து பங்குனி வரை யன்னல் திறக்கிற பேச்சே இல்லை. குளிர்காலத்தில் காய்ச்சாமல் இருக்க வேண்டியதுதானா?

வேண்டாம், ஐயா. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. வெளியே மைனஸ் 15 என்றால், நிமிடத்துக்கு 350 கன அடி காற்றை உள்ளே விட்டு வீட்டுச் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஏழு கிலோவாட் வேண்டும். ஏஜக்ஸ்காரரின் கொயிலே ஐந்தரைதான்! பியரைக் காய்ச்சுவதைவிட வெளிக் காற்றைக் காய்ச்சத்தான் அதிகம் செலவாகும்.

குளிர் ஊர்க்காரருக்கு நான் சொல்வது ஆவியை வெளியே அனுப்பாமல் அங்கேயே தண்ணீராக்கிவிடுகிற முறை. கிடாரத்து மூடியில் துளை போட்டு ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள் மெல்லிய தூவலாகக் குளிர்ந்த தண்ணீர் பாயும். ஆவி தூவலில் பட்டுத் தண்ணீராகி, இரண்டும் சேர்ந்து ரியூப்பால் சிங்க்குக்குப் போய்விடும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லீற்றர் இடம் எடுக்கும். அது மறுபடி தண்ணீரானதும் அந்த இடம் வெறுமையாகிறது, வெறுமை அடுத்த ஆவியை இழுக்கிறது. விசிறியே வேண்டாம். 1712இல் தாமஸ் நியூகொமன் இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீர் இறைக்கப் பூட்டிய இயந்திரம் இதே தந்திரத்தில்தான் ஓடியது, உருளைக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீச்சி.

மணிக்கு 23 லீற்றர் அளவு தண்ணீர் போதும், ஒரு வாளியும் கொஞ்சமும். குளிர்காலத்தில் பைப் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருப்பதால் இன்னும் வசதி. ஆனால் அதற்கேற்பக் கரண்டையும் இரண்டு கிலோவாட்டளவுக்குக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூவல் சமாளிக்காமல் மூடியின் ஓரத்தால் ஆவி சீறும். மூடியைக் கிளிப் போட்டு இறுக்காதீர்கள். சும்மா வைத்தால் போதும், தூவல் துளை அடைத்தாலும் ஆவி தூக்கிக்கொண்டு போக வழி இருக்கட்டும். முதல் தடவை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள்.

மூடி மூடியிருந்தால் சோள மணம் வராதா? நானும் அதைத்தான் மருமகனிடம் கேட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய், சிங்க்கில் வந்து விழுகிற சுடுதண்ணீரை மோந்து பார்க்கச் சொன்னார். சரியான அவித்த சோளம், வண்டிக்காரன் விற்கிற அதே மணம். கிடாரத்தில் அது இல்லை. ஆவியோடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

மிசிசாகா வாசகர்: ஹூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிடாரத்துக்குள்ளேயே விழுகிறது. பரவாயில்லையா?

அந்தச் சொட்டில் சோள மணமும் ஹூட்டின் தூசியும் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் விழுவதால் கிருமிப் பயம் இல்லை, ஆனால் நாலு தடவைக்கொருக்கால் ஹூட்டைத் துடைக்காத ஆளென்றால் நான் அந்தப் பியரைக் குடிக்க மாட்டேன் (எப்படியும் குடிக்க மாட்டேன்). முன்பு சொன்ன பீலி இதற்குத்தான். ஹூட்டை ஒரு மூலைக்கு அரை அங்குலம் சரித்துப் பூட்டி, அந்த மூலையில் ஒரு ரியூப். இன்னொன்று, விசிறியைக் கொதி வந்தபின் போடாதீர்கள். பத்து நிமிடம் முதலே போட்டால் ஹூட் தகரம் கொஞ்சம் சூடேறும், சொட்டுவதும் குறையும்.

நோர்த் யோர்க் கொண்டோவிலிருந்து: அடுப்புக்கு மேல் மைக்ரோவேவோடு சேர்ந்த விசிறி இருக்கிறது. அதற்குக் கீழே காய்ச்சலாமா?

மைக்ரோவேவின் மேல் நெற்றியில் கையை வைத்துப் பாருங்கள். காற்று முகத்தில் அடித்தால் அது கரி வடியால் மணத்தைக் கொஞ்சம் எடுத்துவிட்டு ஆவியை உங்களுக்கே திருப்பித் தருகிறது. கரி தண்ணீரைப் பிடிக்காது. உங்களுக்கு ஏற்றது சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 1500 வாட் சின்னக் கிடாரம், பத்து லீற்றர், ஒட்டாவாக்காரருக்குச் சொன்ன தூவல் மூடி. கொண்டோ நிர்வாகத்தின் விதிப் புத்தகத்தையும் ஒருக்கால் புரட்டுங்கள்.

ஸ்காபரோ வாசகர் ஒருவர்: அந்தத் தூவல் குழாயைக் கொஞ்சம் மாற்றிப் பூட்டினால் ஊரில் வடித்தமாதிரி...

இல்லை. கேள்வியை முழுதாகப் போடவும் இல்லை. பியர் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. கசிப்பு என்கிற சாராயம் வடிப்பது லைசன்ஸ் இல்லாமல் இங்கேயும் குற்றம். சட்டத்தை விடுங்கள். நான் இதுவரை எழுதியது தண்ணீர் ஆவியைப் பற்றி. சாராய ஆவி தீப்பற்றும், நான் சொன்ன விசிறிகளின் மோட்டரில் வருகிற பொறி அதற்குக் காணும்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா: குடிகாரருக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவீர்களா? எனக்கும் ஆவிப் பிரச்சினைதான். கோவில் திருவிழா, பிறந்தநாள் என்று வந்தால் பேஸ்மென்ற் குசினியில் இரண்டு பெரிய பானையில் இடியப்பம் அவிக்கிறேன், மணித்தியாலக் கணக்கில். சீலிங் பெயின்ற் அப்பளம் மாதிரிக் கிளம்புகிறது. எனக்கு ஒன்றும் சொல்ல மாட்டீர்களா?

அம்மா, கோபிக்காதீர்கள். நான் உங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவிக்குப் பியரும் தெரியாது, இடியப்பமும் தெரியாது.

அங்கே மின் அடுப்பா காஸ் அடுப்பா என்று எழுதவில்லை. காஸ் என்றால் அது எரிவதாலேயே வருகிற ஈரமும் இருக்கிறது, அப்போது ஹூட் கட்டாயம். பானைகளை அடுத்தடுத்து வைத்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹூட், நீளம் முப்பத்தாறு அங்குலம். ஒரு தட்டை எடுத்து அடுத்ததை வைக்கிற நேரத்தில்தான் உங்களுக்கு ஆவி அதிகம் கொட்டுகிறது, அந்த நேரத்துக்கு மட்டும் அடுப்பைத் தணியுங்கள். உரிந்த பெயின்ற்றைச் சுரண்டிவிட்டு உடனே பூசாதீர்கள். ஹூட் போட்டு இரண்டு கிழமை காயவிட்டுப் பிறகு பூசுங்கள்.

ஊதுபத்தி உங்கள் வீட்டில் எப்படியும் இருக்கும். முதல் ஈடு இடியப்பம் வைக்க முன், மார்க்கம் தங்கச்சிக்குச் சொன்ன சோதனையைச் செய்து, புகை எந்தப் பக்கம் போனது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.